அடைப்பு நாட்கள்

புன்னைக்காயல்
7 அக்டோபர் 2024

செல்வின் அவர்களுக்கு,

உங்கள் எண்ணை என் போனில் தடுத்து வைத்திருக்கிறேன். அதை நீக்கும் எண்ணம் இல்லை. அதனால்தான் மின்னஞ்சல். தோஹாவிலிருந்து நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வந்து ஒன்றரை வருஷமாகிறது. இதுவரை உங்களிடம் எதுவும் கேட்டதில்லை. இப்போதும் புருஷன் என்று கேட்கவில்லை, நாள் முழுக்க எக்செல் முன்னால் உட்கார்ந்திருக்கும் ஓர் ஆள் என்றுதான் கேட்கிறேன்.

ஆகஸ்ட் 20 அன்று அப்பாவின் வள்ளம் ஆற்று முகத்துவாரத்து மணல்திட்டில் தட்டிக் கவிழ்ந்தது. உங்கள் அக்கா சொல்லியிருப்பாள். வள்ளத்தில் ஐந்து பேர் இருந்தார்கள். நாலு பேர் நீந்திக் கரைசேர்ந்தார்கள். பால்துரை சேரவில்லை. தப்பு சுக்கான் பிடித்த அப்பாவின் மேலா, மணல் மூடிக் கிடக்கும் முகத்துவாரத்தின் மேலா என்று திருச்செந்தூரில் விசாரணை நடக்கிறது. வள்ளம் கடக்க மூன்றரை அடித் தண்ணீர் வேண்டும். முகத்துவாரத்தில் எவ்வளவு ஆழம் என்று ஜேசுபாதம் மாமா மூன்று வருஷமாக, ஞாயிறு தவிர எல்லா நாளும், விடிந்ததும் கழியை ஊன்றிப் பார்த்து நோட்டில் எழுதிவைத்திருக்கிறார். அதை எக்செல்லில் ஏற்றி மாதச் சராசரியும் மொத்தச் சராசரியும் போட்டுத் தரும்படி விசாரணை அதிகாரி கேட்டிருக்கிறார். ஊர்க் கமிட்டியில் கிளார்க் நான்தான். ஆகவே என் தலையில் விழுந்தது.

1,096 நாளையும் நானே உட்கார்ந்து அடித்தேன். =AVERAGE(B2:B1097) என்று போட்டேன். 2,309 அடி என்று வருகிறது. 2023 ஜூலை மாதத்துக்கு மட்டும் எண்ணே வராமல் #DIV/0! என்று நிற்கிறது. ஃபைலை இணைத்திருக்கிறேன். சிரித்து முடித்துவிட்டுப் பதில் எழுதுங்கள்.

விஜிலா சிலுவை

*

தோஹா
9 அக்டோபர் 2024

விஜிலா,

சிரித்து முடிக்க இரண்டு நாளானது. பக்கத்து மேசைக்காரனிடமும் காட்டினேன். "உங்க ஊர் ஆத்துல கப்பல் மூழ்கினா தேடவே முடியாது போலிருக்கே" என்றான்.

எங்கே சறுக்கினாய் என்று சொல்கிறேன். முதல் நாற்பது நாளுக்கு 5-6, 4-9 என்று அடித்திருக்கிறாய். ஐந்தடி ஆறங்குலம் என்று உனக்குத் தெரியும், ஜேசுபாதம் மாமாவுக்குத் தெரியும், எக்செல்லுக்குத் தெரியாது. அது 5-6 என்பதை ஜூன் 5 என்று படித்துக்கொண்டது. தேதியை அது 1900-ஆம் வருஷத்திலிருந்து எண்ணி வந்த நாட்கணக்காக உள்ளே வைத்துக்கொள்ளும். உன் ஐந்தரை அடி அதற்கு 45,448. இப்படி நாற்பது இடம். கட்டத்தை எண் வடிவத்துக்கு மாற்றினால் சரியாகிவிடும் என்று நினைக்காதே, 45448 என்றுதான் நிற்கும். நோட்டைப் பார்த்துத் திரும்ப அடி. அங்குலத்தைப் பன்னிரண்டால் வகுத்துப் புள்ளி வைத்து அடி. ஐந்தடி ஆறங்குலம் 5.5, 5.6 இல்லை. பி.காம். படித்தவளுக்கு இதைச் சொல்லவேண்டியிருக்கிறது.

அடுத்தது #DIV/0!. 2023 ஜூலையில் ஓர் எண்கூட இல்லை. இருபத்தாறு இடத்திலும் 'அடைப்பு' என்று எழுதிவைத்திருக்கிறாய். எண்ணே இல்லாதபோது எதைக் கூட்டி எதால் வகுப்பது? அந்த ஃபார்முலாவை IFERROR-க்குள் போட்டு மூடிவிடு, கட்டம் வெறுமையாகத் தெரியும், பார்க்கிறவனுக்கும் உறுத்தாது. மற்ற மாதங்களிலும் அங்கங்கே 'அடைப்பு' கிடக்கிறது. எல்லாவற்றையும் ஒரே தேடலில் பிடித்து அழித்துவிடு. எண் கேட்ட இடத்தில் கதை எழுதுவது உங்கள் ஊர் வழக்கம். அதிகாரிக்குக் கதை தேவையில்லை.

கையெழுத்தில் அப்பா பெயரைப் போட்டிருப்பதைக் கவனித்தேன். கோர்ட்டுக் காகிதத்தில் உன் பெயருக்குப் பின்னால் இன்னும் என் பெயர்தான் இருக்கிறது.

செல்வின்

*

11 அக்டோபர் 2024

நீங்கள் சொன்னபடியே செய்தேன். நாற்பதையும் திரும்ப அடித்தேன். சொற்களை அழித்தேன். ஜூலையை மூடினேன். மொத்தச் சராசரி 5.4 அடி. காலையில் அனுப்பிவிட்டேன்.

நன்றி. உங்கள் பக்கத்து மேசைக்காரருக்கும்.

விஜிலா

*

தோஹா
12 அக்டோபர் 2024

விஜிலா,

அனுப்புவதற்கு முன்னால் அந்த எண்ணை ஒரு தரம் படித்துப் பார்த்தாயா?

வள்ளத்துக்கு வேண்டியது மூன்றரை அடி. சராசரியாக இருப்பது 5.4 அடி. இரண்டடிக்குக் கொஞ்சம் குறைவாக மிச்சம். அப்படியிருக்க வள்ளம் தட்டியதென்றால் யார் தப்பு? உன் அப்பாவின் தப்பு என்று நீயே சுத்தமாகக் கணக்குப் போட்டு, கட்டம் கட்டி, அதிகாரிக்கு அனுப்பியிருக்கிறாய். என்னிடம் கேட்டிருந்தால் முதலிலேயே சொல்லியிருப்பேன். நீ ஃபார்முலாதான் கேட்டாய், சொன்னேன்.

எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. உன் அப்பா யார் பேச்சையும் கேட்கிறவரல்ல. நம் கல்யாணத்தன்று கார் ஓட்டுகிறவனுக்கே வழி சொல்லிக்கொண்டு வந்தவர். உன் வீட்டில் அவர் சொன்னதுதான் வேதம். நீ அங்கே ஓடிப்போனதற்கும் அதுதான் காரணம். எண்களுக்கு மாமனார் மருமகன் கிடையாது, விஜிலா. அவை உள்ளதைச் சொல்லும்.

செல்வின்

*

புன்னைக்காயல்
20 அக்டோபர் 2024

செல்வின் அவர்களுக்கு,

வியாழக்கிழமை விசாரணைக்குப் போனோம். அதிகாரி விஜயராஜ் நல்ல மாதிரியாகத்தான் பேசினார். நான் அனுப்பிய தாளை மேசையில் விரித்து, 5.4-ஐச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டிருந்தார். "ஒங்க ஊர்க்காரங்க எடுத்த கணக்குதானே இது? இதுல தண்ணி இருக்கே?" என்று அப்பாவிடம் கேட்டார். அப்பா தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் வாய் திறக்காமல் இருந்து நான் பார்த்ததே இல்லை. இரண்டு நாற்காலி தள்ளி பால்துரையின் மனைவி செல்வராணி இருந்தாள். அவள் பார்த்த பார்வையை உங்களுக்கு எழுதப்போவதில்லை. பார்த்தால் நீங்கள் அதற்கும் ஒரு சராசரி போடுவீர்கள்.

திரும்பி வந்ததும் ஜேசுபாதம் மாமா கமிட்டி அலுவலகத்துக்கு வந்தார். தாளைக் கையில் வாங்கி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் போனார். ஒரு மணி நேரம் ஆகியிருக்கும்.

"ஏளா, நான் எழுதுன அடைப்பெல்லாம் எங்கன?"

"அது எண் இல்ல மாமா. எண் இல்லாதத அழிச்சாச்சு."

"அழிச்சியா? அன்னைக்கெல்லாம் கழிய ஊன வள்ளத்தயே எறக்க முடியல. அலை திட்டுல அடிச்சு ஒடையுது. எறங்குனா நான் செத்தேன். அதனாலதான் அளக்கல. தண்ணி இல்லாத அன்னைக்குத்தானளா அளக்க முடியாம போச்சு? அதப் போயி அழிச்சிருக்கியே. இங்க பாரு, நாயித்துக்கெழமைக்கும் வெறுங்கட்டம், இதுக்கும் வெறுங்கட்டம். நாங்க என்ன, அன்னைக்கெல்லாம் பூசைக்கா போயிருந்தோம்?"

தாளை அவரிடமிருந்து வாங்கி மறுபடி வரி வரியாகப் பார்த்தேன்.

இப்போது நான் உங்களுக்குப் பாடம் சொல்கிறேன், கேளுங்கள். AVERAGE எண்களை மட்டும்தான் எடுக்கும். சொல் இருந்தாலும் தாண்டிப் போகும், வெறுமையாக இருந்தாலும் தாண்டிப் போகும். தண்ணீர் இருந்த நாட்களை மட்டும் பொறுக்கி எடுத்து, அவற்றில் எவ்வளவு தண்ணீர் இருந்தது என்று சொல்லியிருக்கிறது. அந்த 5.4 அடி முகத்துவாரத்தின் ஆழம் அல்ல, முகத்துவாரம் திறந்திருந்த நாட்களின் ஆழம். 2023 ஜூலை முழுக்க ஒரு வள்ளம்கூட வெளியே போகவில்லை. எல்லாரும் தூத்துக்குடியில் வள்ளத்தைக் கட்டிவிட்டு பஸ்ஸில் போய்வந்தார்கள். அந்தத் தாளிலேயே நடந்ததைச் சொன்னது அந்த #DIV/0! ஒன்றுதான். அதை மூடச் சொன்னது நீங்கள். மூடியது நான்.

எட்டு மாதம் உங்கள் சிநேகிதர்கள் முன்னால் என்னை மட்டம் தட்டினீர்களே, கணக்குத் தெரியாதவள் என்று. தெரிந்தவருடைய லட்சணம் இதுதானா?

விஜிலா

*

21 அக்டோபர் 2024

விஜிலா,

நீ ஃபார்முலா வேலை செய்யவில்லை என்று எழுதினாய். நான் வேலை செய்யவைத்தேன். அடைப்பு என்றால் என்ன என்று நீ ஒரு வார்த்தை எழுதவில்லை. எனக்கென்ன ஞானதிருஷ்டியா? மழையடைப்போ, கடையடைப்போ என்று நினைத்தேன்.

சரி. அந்த இடங்களில் எல்லாம் பூஜ்யம் போட்டுவிடு. சராசரி இறங்கிவிடும். உன் அப்பா பிழைப்பார். ஒரு நிமிஷ வேலை. இதற்கு இவ்வளவு பெரிய கடிதம் எதற்கு?

செல்வின்

*

புன்னைக்காயல்
26 அக்டோபர் 2024

செல்வின் அவர்களுக்கு,

பூஜ்யம் போட்டுப் பார்த்தேன். 4.5 என்று வந்தது. பிறகு ஜேசுபாதம் மாமாவிடம் கேட்டேன், அடைப்பு நாளில் தண்ணீரே இருக்காதா என்று. "இருக்கும். ரெண்டடி இருக்கலாம், மூணடி இருக்கலாம். அளக்காதத நான் எப்பிடி சொல்ல?" என்றார். நாலாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். அளக்காததைச் சொல்லமாட்டேன் என்கிறார். நீங்கள் ஒரு நிமிஷத்தில் நூற்றைம்பது நாளுக்குப் பூஜ்யத்தை இறைக்கச் சொல்கிறீர்கள்.

அதிலும் 4.5-ஐ வைத்து என்ன செய்வது? அதுவும் மூன்றரைக்கு மேலேதான். சராசரி என்று ஒன்றைக் கேட்டதே தப்பு என்று அப்போதுதான் உறைத்தது. நாற்பது நாள் ஏழடியும் பத்து நாள் இரண்டடியும் இருந்தால் சராசரி ஆறடி. அந்தப் பத்து நாளில் போகிறவன் சாவான். கேட்கவேண்டிய கேள்வி எத்தனை நாள் கடக்கமுடியாது என்பதுதான்.

நோட்டைப் பார்த்து எல்லா அடைப்பையும் திரும்ப அடித்தேன். மூன்று நாள் ஆனது. கமிட்டியில் வேறு வேலை எதையும் தொடவில்லை. COUNTIF போட்டு எண்ணினேன். அடைப்பு 151. அளந்தும் மூன்றரைக்குக் குறைவாக இருந்தது 63. ஆக, தொழில் நாள் 940-இல் 214 நாள் முகத்துவாரம் கடக்கக்கூடிய நிலையில் இல்லை. ஐந்து நாளில் ஒரு நாளுக்கும் மேல். இந்த ஃபார்முலாவை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

இதோடு முடித்திருப்பேன். ஆனால் அடிக்கும்போதே ஒரு வரியில் என் கை நின்றுவிட்டது. 2024 ஆகஸ்ட் 20, செவ்வாய். மாமாவின் கையெழுத்தில் தெளிவாக இருக்கிறது: அடைப்பு.

அன்று வள்ளம் உள்ளே வரும்போது கவிழவில்லை, வெளியே போகும்போது கவிழ்ந்தது. மாமா எழுதிய பிறகுதான் அப்பா போயிருக்கிறார்.

இதை ஏன் உங்களிடம் எழுதுகிறேன் என்று தெரியவில்லை. ஊரில் யாரிடமும் சொல்லமுடியாது. அதற்காக இருக்கலாம்.

விஜிலா

*

தோஹா
26 அக்டோபர் 2024

விஜிலா,

உடனே எழுதுகிறேன். அந்த ஒரு வரியை வெறுமையாக விட்டுவிடு.

திட்டாமல் கேள். 214-க்குப் பதில் 213 என்று இருந்தால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. முகத்துவாரத்தைப் பற்றி நீ சொல்லவந்தது அப்படியே நிற்கும். நோட்டை அவர்கள் கேட்கவில்லை, தாளைத்தான் கேட்டார்கள். விபத்து நடந்த களேபரத்தில் அன்று எழுதவில்லை என்று ஜேசுபாதம் மாமா சொன்னால் போதும், அவர் சொல்லுவார். இங்கே மாதாமாதம் எத்தனை தாள் என் கையெழுத்தோடு போகிறது தெரியுமா? எதிலாவது ஒரு கட்டம் காலியாக இருக்கும். எவனும் ஏன் என்று கேட்டதில்லை. உலகம் முழுக்க இப்படித்தான் நடக்கிறது. நீ மட்டும் புன்னைக்காயலில் உட்கார்ந்து சத்தியத்தைக் காப்பாற்றப்போகிறாயா?

உன் அப்பாவை எனக்குப் பிடிக்காது. அவருக்கும் என்னைப் பிடிக்காது. ஆனாலும் அறுபத்திரண்டு வயதில் அந்த மனிதரை ஊரார் முன்னால் நிறுத்திவைத்து, பால்துரையைக் கொன்றவன் என்று சொல்லவைக்காதே. அதுவும் நீ. பெற்ற மகள்.

செல்வின்

*

27 அக்டோபர் 2024

அன்றைக்கு எண்களுக்கு மாமனார் கிடையாது என்றீர்கள். இரண்டு வாரத்தில் முளைத்துவிட்டார்.

தோஹாவில் உங்களோடு இருந்தபோது, காலையில் சட்டையைத் தேய்த்து மாட்டிக்கொண்டு போய் அப்படி என்னதான் வேலை செய்கிறீர்கள் என்று யோசித்திருக்கிறேன். கேட்டால் உனக்குப் புரியாது என்பீர்கள். இப்போது புரிகிறது.

*

புன்னைக்காயல்
18 நவம்பர் 2024

செல்வின் அவர்களுக்கு,

உங்கள் மூன்று மின்னஞ்சல்களும் வந்தன. என்ன ஆயிற்று, என்ன ஆயிற்று என்று மூன்றிலும் ஒரே கேள்வி. கேட்கும் உரிமை உங்களுக்கு இல்லை. என்றாலும் பாதி தெரிந்துவைத்துக்கொண்டு தூத்துக்குடியில் உங்கள் வீட்டார் மீதியைத் தாங்களே சேர்த்துப் பேசுவார்கள். அதனால் நடந்ததை எழுதுகிறேன்.

தாளை அனுப்புவதற்கு முன்னால் அப்பாவிடம் காட்டினேன். மறைத்து அனுப்ப எனக்கு மனமில்லை, சொல்லாமல் அனுப்பவும் மனமில்லை. கரையில் வலைக்குள் கால்நீட்டி உட்கார்ந்திருந்தார். வள்ளம் போன பிறகும் தினமும் அங்கே போய் உட்காருகிறார்.

"அப்பா, அன்னைக்கு நோட்டுல அடைப்புன்னு இருக்கு."

வலையில் ஒரு முடிச்சை அவிழ்த்தார். பிறகு, "இருக்கும்" என்றார்.

"ஒங்களுக்குத் தெரியுமா?"

"நாலு நாளா அடைப்பு. முந்துன நாளு ரெண்டு வள்ளம் அலை பாத்து ஏறிப் போயிட்டான். அவனுக்கு முடியும், எனக்கு முடியாதான்னு இருந்துச்சு. ஜேசுபாதம் கரையில நின்னு கூப்புட்டான். கேட்டுச்சு. கேக்காத மாதிரி போனேன்." வலையை மடியிலிருந்து தள்ளிவிட்டு, "நீ எழுதாம வுட்டாலும் அது கேட்டுக்கிட்டேதான் இருக்கு, ஏளா. எழுதியனுப்பு" என்றார்.

உங்களுக்கு அவரைப் பிடிக்காது என்றீர்கள். எனக்கும் அன்று அவரைப் பிடிக்கவில்லை. அந்த வீம்பு எனக்குப் பழக்கமானதுதான். வாழ்நாள் முழுக்க அதைப் பார்த்து வளர்ந்தேன், கல்யாணம் பண்ணிப்போன இடத்திலும் பார்த்தேன். ஒரு மனிதன் அதனால் செத்துப்போவான் என்று மட்டும் நினைத்ததில்லை.

போன புதன்கிழமை இரண்டாம் விசாரணை. விஜயராஜ் புதுத் தாளைப் பார்த்தார், பழைய தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். "மொதல்ல ஏன் வேற மாதிரி குடுத்தீங்க?" என்று என்னிடம் கேட்டார். எனக்கு ஒருவர் தப்பாகச் சொல்லிக்கொடுத்தார், நான் யோசிக்காமல் செய்தேன் என்றேன். உங்கள் பெயரைச் சொல்லவில்லை. உங்களுக்காக அல்ல, பெயர் சொல்லும் அளவுக்கு அது பெரிய விஷயமில்லை என்பதால். 214-ஐ அவர் தன் கையாலேயே நோட்டிலிருந்து ஒரு மாதத்துக்கு எண்ணிச் சரிபார்த்தார். பிறகு ஆகஸ்ட் 20-க்கு வந்து நிமிர்ந்தார்.

அவர் கேட்பதற்குள் அப்பா எழுந்து நின்றுவிட்டார். கரையில் என்னிடம் சொன்னதை அப்படியே சொன்னார். ஒரு வார்த்தை கூடவுமில்லை, குறையவுமில்லை.

செல்வராணி அதுவரை பேசாதவள், இருந்த இடத்திலிருந்தே கேட்டாள். "ஜேசுபாதம் அண்ணாச்சி கூப்பிட்டது எங்க வீட்டுக்காரருக்கும் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு" என்றார் அப்பா.

"அவரு என்ன சொன்னாரு?"

"திரும்பிருவோம் மாமான்னான். ரெண்டு தடவ சொன்னான்."

அவள் அழவில்லை. பையை எடுத்துக்கொண்டு எழுந்து வெளியே போனாள். இரண்டு மாதமாக ஊரில் பால்துரை போதையில் இருந்தான், அதனால்தான் நீந்தவில்லை என்று ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டில் யாரும் அதைக் கிளப்பவில்லை. யாரும் மறுக்கவுமில்லை. வெள்ளிக்கிழமையிலிருந்து அந்தப் பேச்சு இல்லை.

அப்பா இரண்டு வருஷத்துக்குச் சுக்கான் பிடிக்கக்கூடாது என்று உத்தரவு. அறுபத்திரண்டுக்கு மேல் இரண்டு வருஷம் என்றால் என்ன என்று உங்களுக்கே கணக்குத் தெரியும். முகத்துவாரம் வருஷத்தில் எழுபது நாளுக்கு மேல் கடக்கமுடியாமல் கிடக்கிறது என்றும் அறிக்கையில் எழுதியிருக்கிறார்கள். மணலை அள்ள ஜனவரியில் இயந்திரம் வருமாம். வந்தபிறகு நம்புகிறேன். அதுவரை ஆழம் மூன்றரைக்குக் குறைந்தால் கரையில் சிவப்புக் கொடி ஏற்றவேண்டும், கொடி பறக்கும்போது எந்த வள்ளமும் போகக்கூடாது. ஜேசுபாதம் மாமாவுக்குக் கழி ஊன்றுவது மட்டும்தான் வேலையாம், ஊராரோடு சண்டை போடத் தன்னால் முடியாதென்று கொடியை என் கையில் கொடுத்துவிட்டார்.

இன்று முதல் நாள். விடிந்ததும் அவரோடு நானும் போனேன். கழியை ஊன்றி எடுத்து விரலால் காட்டினார். மூன்றடி இரண்டங்குலம். கொடியை ஏற்றினேன். ஏழு வள்ளம் இயந்திரத்தை ஓட்டிக்கொண்டு நின்றன. முதல் வள்ளத்து இசக்கியப்பன் கரைக்குக் கேட்கும்படி கத்தினான். "அப்பன் கவுத்தான், மவ கொடி புடிக்கா! வாழாவெட்டிக்கு வந்த அதிகாரத்தப் பாருல!"

மற்ற ஆறு வள்ளத்திலும் சிரித்தார்கள். கொடிக்கம்பத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன். நகரவில்லை. கால்மணி நேரம் திட்டினார்கள், என்னை, அப்பாவை, செத்துப்போன என் அம்மாவை. பிறகு இசக்கியப்பன் வள்ளத்தைத் திருப்பினான். அவன் பின்னால் மற்றவர்களும் ஒவ்வொருவராகத் திருப்பினார்கள். ஏழு வள்ளமும் கரையேறிய பிறகுதான் கையை எடுத்தேன்.

விஜிலா